உதவி: தேடல் திடீரென்று கனெக்ட் ஆகவில்லை, அவசரம்

தவிட்டுக்குருவி: வணக்கம். எங்கள் கேட்லாக் தேடல் நேற்று சாயங்காலம் டிப்ளாய் பண்ணியதிலிருந்து வேலை செய்யவில்லை. கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. சர்வர் ஓடுகிறது, டேஷ்போர்டும் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் பைதானிலிருந்து எலாஸ்டிக்சர்ச் கிளையண்ட் (தேடல் சர்வரோடு பேசும் லைப்ரரி) வழியாகக் கூப்பிட்டால் எர்ரர். மேனேஜர் பின்னாலேயே நிற்கிறார், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சர்வர்சாமி: என்ன எர்ரர்? என்ன வெர்ஷன்? சொந்த சர்வரா, க்ளவுட் சர்வீஸா? இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை தம்பி.

மூன்றாம்தெரு: டிஸ்க்கைப் பாருங்கள். 95 சதவீதம் தாண்டினால் இண்டெக்ஸ் (தேடல் தரவு) ரீட்-ஒன்லி ஆகிவிடும். முக்கால்வாசி நேரம் இதுதான்.

கொத்தவரங்காய்: ரீட்-ஒன்லி ஆனால் எழுதத்தான் முடியாது, தேடல் எதற்கு நிற்கப்போகிறது? ஃபயர்வால் ரூலில் யாரோ கை வைத்திருப்பார்கள். போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள்.

மூன்றாம்தெரு: டிஸ்க்கை ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

தவிட்டுக்குருவி: டிஸ்க் பாதிகூட நிறையவில்லை. கர்ல் கமாண்டில் சர்வரை நேராகக் கேட்டால் பதில் வருகிறது. எர்ரரில் 'சர்வர் எலாஸ்டிக்சர்ச் இல்லை' என்கிற மாதிரி என்னமோ சொல்கிறது.

சர்வர்சாமி: அந்த 'என்னமோ'தான் முக்கியம். எர்ரரைப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. ரூட் முகவரிக்கு கர்ல் அடித்து வருவதைப் போடுங்கள், பிப் ஃப்ரீஸையும் (பைதான் லைப்ரரிகளின் வெர்ஷன் லிஸ்ட்).

தவிட்டுக்குருவி: நம்பர் 1.3.2, டிஸ்ட்ரிபியூஷன் ஓப்பன்சர்ச். பிப்பில் எலாஸ்டிக்சர்ச் 7.17.9. க்ளவுட் சர்வீஸ்தான்.

நிலாச்சோறு: உங்கள் சர்வர் ஓப்பன்சர்ச், அது எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்த வேறு ப்ராடக்ட். ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் கிளையண்ட் வெர்ஷனை '7க்கு மேல், 8க்குக் கீழ்' என்று போட்டிருப்பீர்கள், இமேஜ் புதிதாக பில்ட் ஆனபோது கிளையண்ட் தானாக ஏறிவிட்டது. பைதான் கிளையண்ட் 7.14இலிருந்து எதிரே இருப்பது உண்மையான எலாஸ்டிக்சர்ச்தானா என்று முதல் அழைப்பிலேயே சோதிக்கும், இல்லையென்றால் பேசாது. இப்போதைக்கு 7.13.4 என்று நிறுத்துங்கள். அப்புறம் சாவகாசமாக ஓப்பன்சர்ச்சின் சொந்த பைதான் கிளையண்டுக்கு மாறிவிடுங்கள், இம்போர்ட் வரியும் கனெக்‌ஷன் வரியும்தான் பெரும்பாலும் மாறும்.

கொத்தவரங்காய்: ஓப்பன்சர்ச்சில் கம்பாட்டிபிலிட்டி செட்டிங் ஒன்று இருக்கிறதே, அதை ஆன் செய்தால் போதாதா?

நிலாச்சோறு: போதாது. அது வெர்ஷன் நம்பரை மட்டும் 7.10.2 என்று மாற்றிச் சொல்லும். புதுக் கிளையண்ட் சர்வர் பதிலில் வரும் டேக்லைன், பில்ட் ஃப்ளேவர் என்கிற அடையாள வரிகளையும் சேர்த்துப் பார்க்கிறது.

மூன்றாம்தெரு: எல்லாம் 2021 ஜனவரியில் எலாஸ்டிக் கம்பெனி எலாஸ்டிக்சர்ச் லைசென்ஸை மாற்றியதால் வந்த வினை. அப்பாச்சி என்கிற பழைய ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸிலேயே விட்டிருந்தால் 7.10.2இலிருந்து ஓப்பன்சர்ச் என்று ஃபோர்க் (கோடைப் பிரித்துத் தனி ப்ராடக்ட்) எதற்கு, இந்தச் சோதனை எதற்கு?

சர்வர்சாமி: வருடக்கணக்கில் இலவசமாகச் சமைத்துப் போட்டவன் வாசலிலேயே அமேசான் மாதிரி ஒருவன் காசுக்கு மெஸ் நடத்தினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அதுவும் இல்லாமல் 2024 ஆகஸ்டில் ஏஜிபிஎல்லையும் (மாற்றிய கோடையும் வெளியிடச் சொல்லும் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்) சேர்த்துவிட்டார்கள், மறுபடி ஓப்பன் சோர்ஸ்தான்.

மூன்றாம்தெரு: சேர்த்தார்கள், சரி. ஏஜிபிஎல் என்றாலே எங்கள் லீகல் டீம் கதவைச் சாத்திவிடும். அடுத்த மாதமே ஓப்பன்சர்ச் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போய்விட்டது, இனி ஒரே கம்பெனி நினைத்ததும் லைசென்ஸை மாற்ற முடியாது, எனக்கு அது போதும்.

சர்வர்சாமி: ஃபவுண்டேஷன் போர்டு மாட்டினால் கோட் எழுதுகிறவர்கள் மாறிவிடுவார்களா? கமிட் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கொத்தவரங்காய்: கேள்வி கேட்டவர் எங்கே?

தவிட்டுக்குருவி: 7.13.4 போட்டேன், வந்துவிட்டது. நன்றி நிலாச்சோறு.

மழைக்கால்: எனக்கும் அதே பிரச்சினைதான், ஆனால் நான் ஜாவா. கனெக்ட் ஆகிறது, ரிசல்ட் மட்டும் வரவில்லை. உதவுங்கள்.

சர்வர்சாமி: அப்படியென்றால் அதே பிரச்சினை இல்லை. புது இழை போடுங்கள், எர்ரரோடு.

மூன்றாம்தெரு: டிஸ்க்கைப் பார்த்தீர்களா?