ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்கிரிப்ட் விழுகிறது: கூரியர் சேவையிலிருந்து காலிப் பதில்

கேள்வி:
கூகுள் ஷீட்டில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதி, கூரியர் நிறுவனத்தின் வெப் சர்வீஸிலிருந்து அன்றைய பார்சல் விவரத்தை எடுக்கிறேன். இரவு 11 மணி வாக்கில் ட்ரிகர் (தானாக ஓட வைக்கும் ஏற்பாடு) அதை ஓட்டும். வார நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறானால் 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஜேசான் இன்புட்' (ஜேசான் வடிவத் தரவு எதிர்பாராமல் முடிந்துவிட்டது) என்று பிழை காட்டி விழுந்துவிடுகிறது. திங்கள் காலையில் பார்த்தால் ஷீட்டும் துடைத்து வைத்தது போல இருக்கிறது. பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை கேட்ச் போட்டேன். பிழை மெயில் நின்றது, ஷீட் காலியாவது நிற்கவில்லை. எங்கே தப்பு?

பதில் 1:
முதலில் அந்த ட்ரை கேட்சை எடுத்துவிடுங்கள், அது பிழையை மறைக்கத்தான் செய்கிறது. ஜேசான் பார்ஸுக்கு (வந்த எழுத்தைத் தரவாகப் பிரிக்கும் வரிக்கு) முந்தைய வரியில் ரெஸ்பான்ஸ் கோட் (சர்வீஸ் தரும் நிலை எண்), கன்டென்ட் டெக்ஸ்டின் (வந்த பதிலின்) நீளம் இரண்டையும் லாகரில் (பதிவேட்டில்) எழுதிப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். கோட் 204, நீளம் 0.

பதில் 1:
அப்படியானால் சர்வீஸ் சரியாகத்தான் பேசுகிறது. 204 என்றால் 'கோரிக்கை நிறைவேறியது, அனுப்ப உள்ளடக்கம் இல்லை' என்று பொருள். ஞாயிறு பார்சல் இல்லை, அவ்வளவுதான். ஆனால் காலிச் சரம் ஜேசான் ஆகாது, அதனால் பார்ஸ் திணறுகிறது. கோட் 204 என்றால் பார்ஸ் பக்கமே போகாமல் காலிப் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட் 200 வந்து, ட்ரிம் செய்தபின் (ஓர வெற்றிடங்களை நீக்கியபின்) எதுவுமே மிஞ்சவில்லை என்றால் கதை வேறு. அதை 'பார்சல் இல்லை' என்று நம்பாதீர்கள். சில விநாடி ஸ்லீப் கொடுத்து மறுபடி கேளுங்கள். அப்போதும் அதே நிலை என்றால் பிழையாகவே விழட்டும். 'நல்' (null, அதாவது மதிப்பு இல்லை) என்ற சொல் மட்டும் வந்தாலும் கவனம்: பார்ஸ் தாண்டிவிடும், அடுத்த வரியில் மாட்டும்.

பதில் 2:
ஷீட் காலியாவதற்குக் காரணம் வேறு. ஷீட்டைத் துடைக்கும் கிளியர் வரி, தரவை எடுக்கும் ஃபெட்ச் வரிக்கு மேலே இருக்கிறதா?

கேட்டவர்:
ஆமாம், அதுதான் முதல் வரி!

பதில் 2:
கீழே இறக்குங்கள். தரவு கைக்கு வந்து, ஒரு வரிசையாவது இருந்தால் மட்டும் கிளியர் செய்து எழுதுங்கள். காலிப் பட்டியலின் நீளத்தை, எழுத வேண்டிய கட்டங்களைக் குறிக்கும் கெட்ரேஞ்சுக்குக் கொடுத்தால், வரிசை குறைந்தது 1 இருக்க வேண்டும் என்று அதுவும் சண்டைக்கு வரும். இந்தச் சோதனை அதையும் தடுத்துவிடும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். போன ஞாயிறு தேதியைக் கொடுத்து ஓட்டினேன், பிழை இல்லை, சனிக்கிழமைக் கணக்கு அப்படியே இருக்கிறது. இரண்டு பேருக்கும் நன்றி.