மறு: ‘ஸ்போலியா’வுக்குத் தமிழ் – கவர்பொருளா, பழங்கல்லா, கொணர்பொருளா?

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்போலியா’வுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டது. கட்டுரைத் திட்டத்தை எழுதி அனுப்பச் சொல்லி என் வழிகாட்டி கேட்டிருக்கிறார். தலைப்பிலேயே இந்தச் சொல் வருவதால் முடிவு தெரியாமல் முதல் பத்தியைக்கூடத் தொடங்க முடியவில்லை. அதனால் இதுவரை வந்த பரிந்துரைகளை எடுத்துக்கொண்டு, எது ஏன் சரி என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: பழைய கட்டடத்தை இடித்தோ பிரித்தோ எடுத்த கல், தூண், செங்கல், கதவு போன்றவற்றை இன்னொரு கட்டடத்தில் வைத்துக் கட்டியிருந்தால் அவற்றைக் கட்டடக்கலை வரலாற்றில் ஸ்போலியா என்கிறார்கள். லத்தீன் சொல். தோற்ற எதிரியிடமிருந்து உரித்தெடுத்த கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் வழங்கியது. ரோமில் கி.பி. 315இல் எழுந்த கான்ஸ்டன்டைன் வளைவைத்தான் வழக்கமாக எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். டிராஜன், ஹாட்ரியன், மார்கஸ் அரேலியஸ் ஆகிய முந்தைய பேரரசர்கள் காலத்துச் சிற்பங்களைக் கொண்டுவந்து அதில் பதித்திருக்கிறார்கள்.

ரோம் வரை போக வேண்டியதில்லை. நம் கடலூர்–புதுச்சேரிக் கரையிலேயே இதற்கு வேண்டிய அளவு சான்று இருக்கிறது என்பதுதான் என் கட்டுரை. திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, பழந்துறைமுகமான அரிக்கமேடு, தேவனாம்பட்டினம் கோட்டை, புதுச்சேரிக் கோட்டை, கடற்கரையில் நிற்கும் செஞ்சித் தூண்கள் எல்லாம் அதில் வருகின்றன. இனி சொல்லுக்கு வருகிறேன்.

> “லத்தீன் மூலத்துக்கு நேர்ச்சொல் ‘கவர்பொருள்’. இதில் தயங்க என்ன இருக்கிறது?”

கடலூர் ஐயா எழுதியது. ஐயா, மூலத்துக்கு அது நேர்தான், மறுக்கவில்லை. ஆனால் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் என்று அங்கேயும் சொல்கிறார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தார், 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தத் தூண்களுக்குக் ‘கவர்பொருள்’ பொருந்தக்கூடும். சரி. ஆனால் அரிக்கமேட்டில் செங்கல் எடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். வீராம்பட்டினத்தார் ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்ததைப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ஏதோ ஒரு ராஜாவின் பழைய கோட்டைச் செங்கல் என்று அவர்கள் அவரிடம் சொன்னார்களாம். தங்கள் ஊர் மேட்டில் கிடந்ததை எடுத்து வீடு கட்டிக்கொண்டவர்கள் யாரிடமிருந்து கவர்ந்தார்கள்? இன்று செட்டிநாட்டு வீட்டுக் கதவை விலை கொடுத்து வாங்கி வந்து புதுச்சேரியில் தங்கும் விடுதிக்கு மாட்டுகிறார்கள். அதையும் கவர்ந்தது என்று சொல்ல முடியாது.

வலிமையால் எடுத்ததா, வாங்கியதா, கேட்பாரற்றுக் கிடந்ததா என்பதை ஆய்வாளர் சான்று காட்டி நிறுவ வேண்டும். பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? இதனால்தான் ‘கவர்பொருள்’ வேண்டாம் என்கிறேன்.

> “மறுபயன்பாட்டுப் பொருள் என்றால் எல்லோருக்கும் புரியுமே.”

புரியும். ஆனால் கண்ணாடிப் புட்டிக்கும் துணிப்பைக்கும் அதே சொல்தான். இன்னொரு கட்டடத்தின் உறுப்பாக இருந்தது என்ற செய்தி அதில் இல்லை. இதை இங்கேயே விட்டுவிடலாம்.

அக்கா சொன்ன ‘பழங்கல்’ என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைப் புதுப்பித்துக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கொடைச் செய்திகளை அழியவிடாமல் புதுச்சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். அப்படிப் பெயர்த்தெழுதிய கல்வெட்டுகளில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறிப்பும் போட்டார்கள். படி என்றால் நகல். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நகலை நகல் என்று சொல்லி வைத்த அந்த நேர்மைக்காகவே இந்தச் சொல் நம் துறையில் வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள் அக்கா. புதுச்சுவருக்கு வந்து சேர்ந்தது எழுத்து. நாம் பெயர் தேடுவது கல்லே இடம் மாறுவதற்கு. அதோடு நம் பொருள்களில் பாதி கல்லும் அல்ல, செங்கல்லும் மரமும். ‘பழமரம்’ என்று எழுதினால் மாமரம் என்று நினைப்பார்கள். இன்னொன்றும் உண்டு. பழசு எல்லாம் பழங்கல்தான். முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கும் அதிட்டானமும் (கோயிலின் அடித்தளமும்) பழங்கல்தான். அதனால் இந்தச் சொல்லை வேறொரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கீழே சொல்கிறேன்.

எனக்கு வழி காட்டியது பெரியபுராணம். திருநாவுக்கரசர் புராணத்தில் பல்லவ மன்னன் சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்ததும் என்ன செய்தான் என்று சேக்கிழார் சொல்கிறார்: பாடலிபுத்திரத்தில் இருந்த அமண் பள்ளியையும் பாழிகளையும் (சமணர் தங்கிய இடங்களையும்) ‘கூட இடித்துக் கொணர்ந்து’ திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான். குணபரன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். பாடலிபுத்திரம் நம் திருப்பாதிரிப்புலியூர். இரண்டு ஊரும் கெடிலக் கரையில்தான் இருக்கின்றன. சமணர்களுக்கு அங்கே பெரிய இடம் இருந்தது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. சர்வநந்தி ‘லோகவிபாகம்’ என்ற சமண நூலைச் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், அந்த ஊரில்தான் முடித்ததாகச் சொல்லப்படுகிறது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர், மகேந்திரன் 7ஆம் நூற்றாண்டு. ஐந்நூறு ஆண்டு இடைவெளி. அவர் பாடியதை அகழாய்வு அறிக்கை போலப் படிக்கக் கூடாது. ஆனால் ஒரு கட்டடத்தை இடித்து, அதன் பொருளைக் கொண்டுபோய் இன்னொரு கட்டடம் எடுப்பது என்ற செயலை அவர் எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்! இடித்தல், கொணர்தல், எடுத்தல். நமக்கு வேண்டிய மூன்று வினையும் ஒரே அடியில் இருக்கின்றன.

அதனால் என் பரிந்துரை கொணர்பொருள். கல்லானால் கொணர்கல், தூணானால் கொணர்தூண், அப்படியே கொணர்செங்கல், கொணர்கதவு. ஊறுகாய், சுடுகாடு, குடிநீர் போல இது வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. ‘கொணர்க்கல்’ என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். வினைத்தொகையாக இருப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கொணர்ந்த, கொணர்கின்ற, கொணரும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால், மகேந்திரன் காலத்துக் கல்லும் போன மாதம் வந்து இறங்கிய கதவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. யார், எப்படி, என்ன உரிமையில் என்பதைப் பற்றி இது வாய் திறக்கவில்லை. அதை நான் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறேன்.

> “கொணர் என்பது செய்யுள் வழக்கு. இன்றைக்கு யார் பேசுகிறார்கள்?”

பேச்சில் குறைவுதான். ஆனால் படித்தவுடன் புரியாதவர் உண்டா? எழுத்தில் இன்னும் வாழ்கிறது. கலைச்சொல்லுக்கு அன்றாடச் சொல்லிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது நல்லதும்கூட. ‘கொண்டுவந்த கல்’ என்று எழுதினால் லாரியில் வந்து இறங்கிய புதுக் கல்லும் அதில் சேர்ந்துவிடும்.

இப்போது இன்னொரு சொல்லையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். பொருள் போய்ச் சேர்ந்த இடத்துக்குச் சொல் இருந்தால் போதாது. அது கிளம்பிய இடத்துக்கும் வேண்டும். அகழாய்வில் ‘ராபர் ட்ரெஞ்ச்’ என்பார்கள். கட்டுமானப் பொருளுக்காகச் சுவரை அடிவரை தோண்டி எடுத்தபின் அந்தப் பள்ளத்தில் உடைசலும் சாந்துத் துகளும் மேல்மண்ணும் சரிந்து நிரம்பிவிடும். பிற்பாடு அகழும்போது சுற்றியுள்ள மண்ணிலிருந்து நிறமும் இறுக்கமும் மாறுபட்ட பட்டையாக அது தெரியும். சுவர் போய்விட்டது, ஆனால் சுவர் ஓடிய கோடு அப்படியே இருக்கும். கவனிக்காமல் விட்டால் பெரிய குழப்பம் வரும். அந்தப் பட்டைக்குள் கிடக்கும் ஓடும் காசும் சுவர் கட்டிய காலத்தைக் காட்டா. அவற்றுள் மிகப் பிந்தியவைதான் செங்கல் எடுத்த காலத்தையோ அதற்கும் பிந்திய காலத்தையோ காட்டும்.

இதைக் ‘கொள்ளைக் குழி’ என்று நேராக எழுதுவதில் முன்பு சொன்ன அதே சிக்கல்தான். அதோடு குழி என்றால் வட்டமாக ஒரு பள்ளம்தான் நினைவுக்கு வரும், இதுவோ சுவரின் நீளத்துக்கு ஓடுவது. ‘கல்லைப் பெயர்த்தான்’ என்பது இன்றும் எல்லார் வாயிலும் இருக்கும் வினை. ஆகவே பெயர்ப்புத் தடம். ‘பெயர்தடம்’ என்று சுருக்கிப் பார்த்தேன், பெயர் பொறித்த தடமோ என்று மயங்க இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பு என்ற சொல்லால் ‘பெயர்ப்பு’ நமக்குப் பழகிப்போனதால் இந்த வடிவத்தில் அந்த மயக்கம் வராது.

இரண்டு சொல் கிடைத்ததும் கட்டுரைத் திட்டமே எனக்கு மாறிவிட்டது. முதலில் காலவரிசையில் எழுதுவதாக இருந்தேன்: பல்லவர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று. இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். பெயர்ப்புத் தடம் தெரிகிறதா? கொணர்பொருள் தெரிகிறதா?

அரிக்கமேட்டில் முதல் முனை, அதாவது பொருள் கிளம்பிய இடம், பலமாக இருக்கிறது. 1945இல் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று அடுத்தடுத்து அகழ்ந்த இடம். செங்கல் எடுத்ததால் நேர்ந்த சிதைவு அங்கே பழைய செய்தி. ஆனால் அந்தச் செங்கல் எந்தெந்தச் சுவரில் போய் உட்கார்ந்தது என்ற அடுத்த முனைதான் தேட வேண்டியது. அதே மேட்டில் நிற்கும் 18ஆம் நூற்றாண்டுக் குருமடத்தின் இடிந்த சுவர்களிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். சங்க காலச் செங்கல் நீளமும் அகலமும் பெரிது, பிரெஞ்சுக்காலச் செங்கல் சிறியது. அளவுகோலை வைத்து வரிசை வரிசையாக அளந்தால் ஏதாவது பிடிபடும்.

காந்தி சிலையில் நேர்மாறு. பொருள் கண்முன் நிற்கிறது, செஞ்சியில் அது நின்ற இடத்தைத்தான் பொருத்திக் காட்ட வேண்டும். திருவதிகையில் நிலைமை இன்னும் விசித்திரம். பாட்டு இரண்டு முனையையும் சொல்கிறது, நிலத்தில் இரண்டையும் இனிமேல்தான் காட்ட வேண்டும்.

தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையையும் புதுச்சேரிக் கோட்டையையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கிறேன். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, அவர்கள் கோட்டையோடு நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பிறகு 1765இல் ஊர் திரும்பக் கிடைத்து, அதே தெருக்கோட்டிலேயே மறுபடி கட்டினார்கள். மலை மலையாய்க் குவிந்த இடிபாடு கையில் இருக்கும்போது எந்தக் கொத்தனாரும் புதுச் செங்கல்லுக்குக் காத்திருந்திருக்க மாட்டார் என்பது என் கருதுகோள்.

இங்கேதான் அக்காவின் சொல் எனக்குத் தேவைப்படுகிறது. புதுச்சேரியில் அந்தப் பொருள் எங்கிருந்தும் வரவில்லை, விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றது. அதைக் கொணர்பொருள் என்பது தவறு. அதே இடத்துப் பழம்பொருளை அதே இடத்தில் திரும்பக் கட்டினால் பழங்கல் என்றும், அந்த வேலையைப் பழங்கற்கட்டு என்றும் சொல்லலாமா? திருப்பணியில் பிரித்த கோயிலைத் தன் கல்லாலேயே மறுபடி அடுக்குவதற்கும் இது பொருந்தும். செங்கல்லுக்கும் இதையே நீட்டிக்கொள்ளலாம், செங்கல்லிலும் கல் இருக்கிறதே. அக்கா சம்மதித்தால் அப்படியே எழுதுகிறேன்.

தரவு திரட்ட உங்கள் எல்லோருடைய கண்ணும் வேண்டும். உங்கள் ஊர்க் கோயில் படிக்கட்டு, குளக்கரை, மதில் எதிலாவது கொணர்கல் என்று சந்தேகப்பட்டால் சில அடையாளங்களைப் பாருங்கள். கல்வெட்டு வரி பாதியில் அறுந்து நிற்கும், அல்லது எழுத்து தலைகீழாக இருக்கும். குமுதம் போன்ற அதிட்டான உறுப்பு தரையோடு படியாகக் கிடக்கும். தூணின் தலையில் உட்காரும் போதிகைக்கும் தூணுக்கும் அளவு சேராது. படம் எடுக்கும்போது அந்தக் கல்லை மட்டும் நெருக்கி எடுக்காமல், பக்கத்துக் கற்களோடு சேரும் இடுக்கும் தெரிய எடுங்கள். எந்தத் திசைச் சுவர், எத்தனையாவது வரிசை என்றும் எழுதி அனுப்புங்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய கோயில் படங்களோடு ஒப்பிட்டால், திருப்பணிக்கு முன் அந்தக் கல் எங்கே இருந்தது என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

தலைப்பை இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: ‘கொணர்பொருளும் பெயர்ப்புத் தடமும்: கடலூர்–புதுச்சேரிக் கரையில் கட்டடப் பொருள்களின் இடமாற்றம்’. கடலூர் ஐயா இன்னும் ‘கவர்பொருள்’ பக்கமே நின்றால், செஞ்சித் தூண்களுக்கு மட்டும் ‘கவர்ந்து கொணர்ந்தவை’ என்று உட்பிரிவாக எழுதச் சம்மதம். ஆனால் அதற்கான ஆவணத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் ஐயா.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து