அம்மாவுக்கு இதய வால்வு சுருக்கம்: எக்கோ எடுத்தாயிற்று, தொண்டை வழியாக இன்னொன்று எதற்கு?

தேனிக்காரன்:
அம்மாவுக்கு 52 வயது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, ராத்திரி இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) மைட்ரல் வால்வு, அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு, திறப்பு 0.9 சதுர செ.மீ., கடுமையான சுருக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். இ.சி.ஜி.யில் துடிப்பும் ஒழுங்காக இல்லை. பலூனை உள்ளே விட்டு வால்வை விரிப்பதா, ஆபரேஷனா என்று முடிவு செய்யுமுன் வாய் வழியாகக் குழாய் விட்டு இன்னொரு எக்கோ எடுக்க வேண்டுமாம். அம்மா பயந்துபோய் வேண்டவே வேண்டாம் என்கிறார். தவிர்க்க முடியுமா?

எக்கோ அறை:
தவிர்க்காதீர்கள். 15 வருடமாக எக்கோ எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். நெஞ்சில் ஜெல் தடவி எடுக்கும்போது விலா எலும்பும் நுரையீரலும் மறைக்கும், பார்க்க வேண்டிய இடது மேலறையோ பின்னால் இருக்கிறது, அதன் ஓரத்தில் சின்னப் பை மாதிரி ஒரு மூலை உண்டு, துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ரத்தம் அங்கேதான் தேங்கி உறையும். உணவுக்குழாய் அந்த அறையை ஒட்டியே போவதால் அதற்குள்ளிருந்து பார்த்தால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். இருப்பது தெரியாமல் பலூனைக் கொண்டுபோனால் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

அப்புறம் வால்வு. நல்ல மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்கும். இதழ் எப்படி அசைகிறது, எவ்வளவு தடித்திருக்கிறது, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, கீழே தாங்கும் நாண்கள் எப்படி என்று நாலுக்கும் 1 முதல் 4 வரை மார்க் போடுவோம், இதற்கு வில்கின்ஸ் ஸ்கோர் என்று பெயர். மொத்தம் 8க்குள் இருந்து வால்வில் ரத்தக் கசிவும் அதிகமில்லை என்றால் பலூனுக்கு ஏற்ற வால்வு. 1953இல் ஸ்வீடனில் இதய டாக்டர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கத் தொடங்கியதே ஆபரேஷனுக்கு முன் இந்த மைட்ரல் வால்வின் நிலையை அறியத்தான்.

கரூர் செல்வி:
என் அத்தைக்கு எடுத்தார்கள், கூடவே இருந்தேன். 6 மணி நேரம் வெறும் வயிறு. பல்செட்டைக் கழற்றி, தொண்டையில் ஸ்பிரே அடித்து, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். 'முழுங்குங்கம்மா' என்றதும் முழுங்கினார், அந்த ஒரு நொடிதான் குமட்டல், கால் மணியில் முடிந்துவிட்டது. மரத்த தொண்டையில் புரையேறும் என்று ஒரு மணி நேரம் தண்ணீர்கூடத் தரவில்லை. அவருக்குக் கட்டி இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மூன்று மாதம் மாத்திரை, மறுபடி அதே எக்கோ, கரைந்துவிட்டது, அப்புறம்தான் பலூன் செய்தார்கள். இப்போது தானே கோயிலுக்கு நடந்து போகிறார்.

எக்கோ அறை:
ஒன்று விட்டுப்போயிற்று. சாப்பாடு முழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, ஈரல் நோய் இதில் எது இருந்தாலும் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தேனிக்காரன்:
அதெல்லாம் இல்லை. செல்வி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், 'கால் மணிதானா' என்று இரண்டு தடவை கேட்டார். செவ்வாய்க்கிழமை போகிறோம்.