ஆடு மேயும் இடத்தில் ஹென்றி மூர்

வெட்டவெளியில் நிற்கும் சிற்பங்களை நேரில் போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் வேண்டாம். நானே தொடங்கி வைக்கிறேன்.

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் வேலையாக ஒன்றரை வருடம் இருந்தேன். அங்கிருந்து பக்கம்தான் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா, 1977-இல் ஆரம்பித்தது, பழைய பிரபு குடும்பம் ஒன்றின் 500 ஏக்கர் எஸ்டேட். பூங்கா என்றதும் நம் மாநகராட்சிப் பூங்கா கணக்கில் நினைத்துக்கொண்டு கேன்வாஸ் ஷூவில் கிளம்பிப் போனேன். ஒரே சேறு. அரை மணி நேரத்தில் சாக்ஸ் வரை ஈரம், திரும்பிவிடலாம் என்று பார்த்தால் பஸ் இல்லை. சரி, வந்தது வந்தோம் என்று நடந்தேன்.

ஹென்றி மூரின் பெரிய வெண்கலச் சிற்பங்கள் மேய்ச்சல் நிலத்திலேயே நிற்கின்றன. ஓர் ஆடு அதில் ஒன்றின்மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டு சாவகாசமாக நின்றது. தொடாதே என்று அதற்கு யார் சொல்வது? தன் சிற்பங்களுக்குப் பக்கத்தில் நிற்க ஆடுதான் சரியான அளவு என்பது மூரின் கட்சியாம். மாடோ குதிரையோ நின்றால் சிற்பம் சிறுத்துத் தெரியும் இல்லையா, அதனால். டேவிட் நாஷ் செய்த 71 படிகளும் இங்கேதான், சரிவில் ஏறிப் போகின்றன. எல்லாம் கரிய எரித்த ஓக் கட்டைகள், நடுவில் நிலக்கரித் துண்டுகள். சுரங்கத்தை நம்பிப் பிழைத்த பூமிதானே அது. மூரின் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி. மரங்களுக்கு நடுவே, சாந்தே பூசாமல் கல்லை அடுக்கி வட்டமாக ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார். வாசலைக் காணோமே என்று இரண்டு முறை சுற்றினேன். அப்புறம்தான் உறைத்தது, வாசல் என்று ஒன்று வைக்கவே இல்லை, எட்டிப் பார்க்கவும் முடியாத உயரம். கூட வந்த நண்பனின் தோளில் ஏறிவிடலாம் என்று நான் ஷூவைக் கழற்றும்போது ஒரு குடும்பம் வந்துவிட்டது, மானம் கருதி விட்டுவிட்டோம்.

அவருடைய இன்னொரு வேலை, கல்லால் கட்டிய ஆட்டுப்பட்டி ஒன்றுக்குள் கிடக்கும் பெரிய கல். அதன்மேல் நாம் படுக்கலாம். மழை தொடங்கும்போது தரையில் படுத்து, எழுந்ததும் தன் உடம்பு அளவுக்குக் காய்ந்த தடம் விட்டுவிட்டு வருவது அவர் பல வருடமாகச் செய்துவந்த காரியம். காலையிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்த மழை நின்று, கல் காய்ந்து, மறுபடி தூறல் விழ ஆரம்பித்த சமயம். படுத்துவிட்டேன். முகத்தில் அடிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, நண்பன் சிரிக்கிறான். எழுந்து பார்த்தால் கல்லில் நான். போனைத் துடைத்துப் படம் எடுப்பதற்குள் கை கால் எல்லாம் புள்ளி புள்ளியாக நனைந்து போய்விட்டன, தலை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

—

படிக்கவே குளிருகிறது! நான் போனது ஜப்பான், நீகாட்டா பக்கம் எச்சிகோ-ட்சுமாரி. 2000-இல் தொடங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழா. ஏறக்குறைய 760 சதுர கிலோமீட்டர், மலையும் வயலுமாக இருக்கும் கிராமங்களில் படைப்புகள் சிதறிக் கிடக்கின்றன, இளவட்டங்கள் எல்லாம் நகரத்துக்குப் போய் வெறிச்சோடிய ஊர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள், நான் மூன்று நாளில் கால்வாசிகூட முடிக்கவில்லை.

மட்சுதாய் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியின் படைப்பு ஒன்று இருக்கிறது. எதிர்ச் சரிவின் அடுக்கு வயல்களில் உழவு, நடவு, அறுப்பு என்று வேலை செய்யும் ஆட்களின் உருவங்கள், நீலத்திலும் மஞ்சளிலும். இந்தப் பக்கம் மேடையில் நின்றால், தொங்கவிட்டிருக்கும் எழுத்துகளின் வழியாக அந்த வயல் தெரியும், படமும் வாசகமும் ஒன்றாகச் சேரும். நான் ஒரத்தநாட்டுக்காரன், எழுத்தை விட்டுவிட்டு வரப்பைத்தான் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக வெட்டிய வரப்பு! நீல உருவம் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று குனிந்திருந்தது, அதுவும் சிற்பம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், திடீரென்று நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பெரியப்பா அப்படியே செய்வார். உண்மையிலேயே விளைகிற வயல்தான் அது.

—

அமெரிக்காவில் இருப்பவர்கள் யூட்டாவின் ஸ்பைரல் ஜெட்டிக்குப் போய் வரலாம். 1970-இல் ராபர்ட் ஸ்மித்சன் கருங்கல்லும் மண்ணும் கொட்டிப் பெரிய உப்பு ஏரிக்குள் போட்ட சுருள் பாதை, 1,500 அடி நீளம். போட்ட சில வருடத்திலேயே ஏரி ஏறி மூழ்கிவிட்டது, 2002 வாக்கில்தான் மறுபடி நன்றாக வெளியே வந்தது. கடைசிப் பகுதி மண் சாலை, பெட்ரோலும் தண்ணீரும் முன்னாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறை, கடை எதுவும் கிடையாது. நாங்கள் போனபோது தண்ணீர் எங்கேயோ தூரத்தில் இருந்தது, சுருளைச் சுற்றிலும் வெறும் உப்புத் தரை. இதற்கா இவ்வளவு தூரம் என்று காரில் கேட்டுக்கொண்டே வந்த என் மனைவிதான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடு வரை போய், பத்து நிமிடம் திரும்பி வரவே இல்லை.

—

முதல் பதிவுக்காரருக்கு: அந்தச் சுவருக்குள் என்னதான் இருக்கிறது? யாராவது தோளில் ஏறிப் பார்த்தீர்களா?

—

பார்க்கவில்லை என்றுதானே சொன்னேன் :) அடுத்த முறை ஏணியோடு போகிறேன்.