கைப்பேசிப் புதையல் வேட்டையாக ஒரு நகரத்தைச் சுற்றுவது குடும்பத்தோடு சரிப்படுமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் முன்பின் பார்த்திராத ஒரு நகரத்திற்கு அடுத்த மாதம் செல்லவிருக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதை நெருங்கும் என் தாயார் என நால்வர். வழிகாட்டியின் பின்னால் கூட்டமாக நடந்து வரலாறு கேட்க மகளுக்குப் பொறுமை கிடையாது. செயலியில் ஒரு துப்பு வரும், அதைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்து விடையை எழுதினால் அடுத்த துப்பு திறக்கும் என்னும் புதையல் வேட்டையை ஒருவர் பரிந்துரைத்தார். நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஊரைப் பார்க்காமல் திரும்பிவிடுவோமோ என்பது என் முதல் அச்சம். குறுகலான பழைய தெருக்களில் இருப்பிடம் சரியாகக் காட்டுமா என்பதும், தாயாரால் ஈடுகொடுக்க முடியுமா என்பதும் மற்ற இரண்டு ஐயங்கள். விளையாடிப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

இருப்பிடம் பற்றிய ஐயத்திற்கு மட்டும் விடை சொல்கிறேன். திறந்த வானத்தின் கீழ் சாதாரணத் திறன்பேசி தன் இடத்தை ஏறத்தாழ 5 மீட்டருக்குள் கணித்துவிடும். நெருக்கமான உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அப்படியில்லை. செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் சுவர்களில் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால், வரைபடத்தின் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். ஆகவே, இடத்தை அடைந்ததும் தானாகத் துப்பு திறக்கும் ஆட்டத்தை விட, அங்கே உள்ளதைப் பார்த்து விடை எழுதும் ஆட்டமே பழைய நகர்ப்பகுதிக்குப் பொருந்தும்.

செயற்கைக்கோள் வழியே இடத்தைக் கணிக்கும் இந்த ஜிபிஎஸ் இயங்க இணையம் தேவையில்லை, கைப்பேசி அதில் சமிக்ஞையை வெறுமனே கேட்கும் கருவிதான். ஆனால் வரைபடமும் துப்புகளும் இணையத்திலிருந்து வருபவை என்பதால், முந்தைய இரவே அவற்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாதபோது முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும், ஏனெனில் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் முழுமையாக அனுப்புகிறது. பொறுமையிழந்து நடக்கத் தொடங்காமல் திறந்த இடத்தில் நில்லுங்கள். திசைகாட்டியையும் முழுதாக நம்ப வேண்டாம். இரும்புக் கம்பி வேலிக்கோ வாகனத்துக்கோ அருகில் அது தடுமாறும். பத்து அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி.

மறுமொழி 2:

நாங்கள் என் மாமியாரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இப்படி ஒரு வேட்டை ஆடினோம். மூன்றாவது துப்பு, ஒரு பழைய நுழைவாயிலின் மேல் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்று கேட்டது. நாங்கள் போனபோது அந்த வாயில் முழுவதும் சாரம் கட்டப்பட்டுப் பச்சைத் துணியால் மூடப்பட்டிருந்தது. துப்பைத் தாண்டிச் செல்ல அந்தச் செயலியில் வழியே இல்லை. துணியின் ஓட்டைகள் வழியாக எண்ண முயன்று, பிறகு ஒவ்வோர் எண்ணாக எழுதிப் பார்த்து, 40 நிமிடத்தைத் தொலைத்தோம். பணம் கட்டும் முன், குறிப்பு கேட்கவும் துப்பைத் தவிர்க்கவும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர முடியுமா என்பதையும் உறுதி செய்துகொண்டால், தாயாரைப் பற்றிய கவலை பெருமளவு நீங்கிவிடும். அறிவித்திருக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஒதுக்குங்கள், படிக்கட்டுகள் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

திரையைப் பற்றிய அச்சத்திற்கு நாங்கள் கண்ட மருந்து, ஒரே ஒரு கைப்பேசி. ஒருவர் துப்பை உரக்கப் படித்துவிட்டு அதைப் பையில் போட்டுவிட வேண்டும். வழி கேட்கும் பொறுப்பை மாமியாரிடம் கொடுத்தோம்; பூட்டுக் கடை வாசலில் நின்றிருந்த முதியவர் ஒருவர் அவரிடம் கால் மணி நேரம் பேசியது, செயலியில் எழுதியிருந்த வரலாற்றை விடச் சுவையாக இருந்தது.

மறுமொழி 3:

நண்பர்களுக்காக இத்தகைய துப்புகளை எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் துப்பின் தரத்தில்தான் இருக்கிறது. சிலையின் பீடத்தில் பொறித்திருக்கும் ஆண்டைக் கேட்பது சோம்பேறித் துப்பு. கோபுரக் கடிகாரத்தில் நான்காம் மணி எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்: ரோமன் எண் கொண்ட பல கடிகாரங்களில் அது நாம் பள்ளியில் படித்தபடி இல்லாமல் நான்கு நேர்கோடுகளாக இருக்கும். தினமும் அதன் கீழே நடப்பவர்கூட நிமிர்ந்து பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

இந்த ஆட்டம் கைப்பேசியோடு பிறந்ததும் அன்று. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854-இல் ஒரு வழிகாட்டி, எட்டாத மூலை ஒன்றில் புட்டி வைத்து, தேடி வருபவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச் செல்லும்படி செய்தார். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில், பொதுமக்களுக்கு இடம் துல்லியமாகத் தெரியாதபடி வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நீக்கியது. அடுத்த ஓரிரு நாளிலேயே அந்நாட்டின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டுப்பகுதியில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் இட எண்களை இணையத்தில் வெளியிட்டார். ஒருவர் ஒளித்து வைத்ததை ஜிபிஎஸ் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

கேட்டவரின் பதில்:

மூவருக்கும் நன்றி. நான் வாங்க நினைத்திருந்த வேட்டையின் மாதிரித் துப்பை நேற்றிரவு மகளிடம் கொடுத்தேன். சிலையின் பீடத்தில் உள்ள ஆண்டைத்தான் அது கேட்டது. அவள் சோபாவில் சாய்ந்தபடியே இணையத்தில் அந்தச் சிலையின் படத்தைத் தேடி, ஒரு நிமிடத்திற்குள் விடையை எழுதிவிட்டாள். அதை விட்டுவிட்டு, துப்பைத் தவிர்க்கும் வசதியுள்ள வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழி கேட்கும் பொறுப்பு தனக்கு என்று சொன்னதும் தாயார் இப்போதே வசதியான காலணி தேடத் தொடங்கிவிட்டார்.