பேட்சிலேயே இருப்பதா, பெருமளவு உற்பத்திக்கு மாறுவதா?

கேள்வி:
பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறையில் திட்டமிடல் பார்க்கிறேன். ஒரே மோல்டிங் மெஷினில் பல அளவுகள் ஓட வேண்டும். அச்சு மாற்றவே பாதி ஷிப்ட் போகிறது. அதனால் ஏற்றிய அச்சை ஒரு வாரம் இறக்குவதில்லை. குடோன் நிரம்பி வழிகிறது, ஆனால் கேட்ட அளவு மட்டும் கையிருப்பில் இருப்பதில்லை. இப்படிப் பேட்ச் பேட்சாக (ஓர் அளவில் ஒரு தொகுதி, பிறகு அடுத்த அளவு) ஓட்டுவதா, ஒரே அளவை விடாமல் பெருமளவில் ஓட்டுவதா, என்ன செய்யலாம்?

பதில் 1:
பெருமளவு உற்பத்திக்கு ஒரே பொருளின் தேவை விடாமல் இருக்க வேண்டும். ஃபோர்டு 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் போட்டு, கார் சேஸிஸ் (அடிச்சட்டம்) பூட்டும் நேரத்தை 12 மணி நேரத்துக்கு மேலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார். ஓடியது மாடல் டி என்ற ஒரே கார்தான். பல அளவுகள் ஓட்டும் உங்களுக்குப் பேட்ச்தான் சரி.

பதில் 2:
பேட்ச் சரி, ஆனால் சின்னப் பேட்ச். அச்சு மாற்றும் நேரம் குறைந்தால்தான் அது கட்டுப்படியாகும். நான் டூல்ரூம் (அச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு) ஆள், அச்சு மாற்றுவதுதான் என் பிழைப்பு. ஜப்பானிய உற்பத்திப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மெஷின் நின்றால்தான் முடியும் வேலை எது, ஓடும்போதே முடிக்கக்கூடியது எது என்று பிரியுங்கள். அடுத்த அச்சை மெஷின் பக்கத்திலேயே வைத்துச் சூடேற்றிவிடலாம். அச்சைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்களுக்குத் திருகு கிளிப் வேண்டாம், தள்ளினால் மாட்டிக்கொள்ளும் கப்ளிங் போடுங்கள். எல்லா அச்சுக்கும், மெஷினோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்கும் இடத்தின் தடிமன் ஒன்றாக இருந்தால் போல்ட் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும் நேரத்தை விழுங்குவது இந்தத் தேடல்தான்!

அப்புறம் நிறம். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள். தலைகீழாகப் போனால் பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலைக் கழுவியே கிலோ கணக்கில் பிளாஸ்டிக் வீணாகும்.

கேட்டவர்:
நன்றி. கப்ளிங்கில் தொடங்குகிறேன். தடிமன் சமமில்லாத பழைய அச்சுகளை என்ன செய்வது?

பதில் 2:
குறைவானதற்கு அடியில் ஸ்டீல் பிளேட் வைத்து நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிடுங்கள்.