ஹாங்காங்கில் சீன அரசின் ஆள்: ஆணையரா, தூதரா, பேராளரா?

அனைவருக்கும் வணக்கம்.

ஹாங்காங் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது இரண்டு நாளாக ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். 1950களில் ஹாங்காங் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது சீனா பிரிட்டனிடம் கேட்டது: ஹாங்காங்கில் எங்கள் அரசின் ஆள் ஒருவர் அதிகாரபூர்வமாக இருக்க வேண்டும். அந்த ஆளுக்குத் தமிழில் என்ன பெயர்?

முதலில் ‘சீன ஆணையர்’ என்று போட்டேன். வரைவைப் படித்த அக்கா மகன், “போலீஸ் கமிஷனரா மாமா?” என்றான். ஹாங்காங்கின் அன்றைய பிரிட்டிஷ் ஆளுநர் கிரந்தாமின் பயமும் கிட்டத்தட்ட இதுதான்: ஒரே ஊருக்கு இரண்டு ஆளுநர்களா? ஆணையர் என்றால் ஆணையும் கூடவே வந்துவிடுகிறது.

தூதர் என்றால் பீஜிங்கே ஒப்பாது. தூதரகம் திறந்தால் ஹாங்காங் அயல்மண் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால்தான் சீன அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவா ஹாங்காங்கில் 1947இல் தொடங்கிய கிளையே அரை நூற்றாண்டு அந்த வேலையைப் பார்த்தது. வாசலில் செய்தி நிறுவனத்தின் பலகை. உள்ளே நடந்தது அரசு வேலை. அது தொடர்பு அலுவலகம் என்று பெயர் மாறியது 2000 ஜனவரியில், பிரிட்டன் கிளம்பிப்போன பிறகு.

நம் புதுச்சேரியைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியில் அங்கே இந்தியாவின் கான்சல் ஜெனரலாக, அதாவது தூதரக அதிகாரியாக இருந்த கேவல் சிங், 1954 நவம்பர் 1 ஆட்சி கைமாறியதும் தலைமை ஆணையர் ஆனார். தூதருக்கும் ஆணையருக்கும் உள்ள தூரம் அவ்வளவு! சீனா கேட்டது இந்த இரண்டுக்கும் நடுவில்.

என் பரிந்துரை: உறைபேராளர், அதாவது அங்கேயே தங்கியிருக்கும் அரசுப் பிரதிநிதி. வேறு யோசனை உண்டா?

—

ஐயா, ‘உறை’ என்றதும் ஐஸ்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. ‘சார்பாளர்’ போதாதா? ‘முகவர்’ வேண்டவே வேண்டாம், காப்பீடு விற்க வந்தவர் போலிருக்கும்.

—

தம்பி, உறைவிட மருத்துவர் என்று சொல்கிறோமே, அந்த உறை. இருந்தாலும் ஐஸ்பெட்டி நினைவு வந்துவிட்டால் போகாது, விட்டுவிடுகிறேன். சார்பு என்றால் பாரபட்சம் என்று செய்தித்தாள்கள் பழக்கிவிட்டன. பேராளர் மட்டும் இருக்கட்டும். மலேசியாவில் மாநாட்டுக்கு வருபவரைச் சொல்லும் சொல்தான், இங்கே பல ஆண்டு தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் ‘பேராளரகம்’.

அந்த ஆளை பிரிட்டன் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘முறைப்படுத்தல்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அது ஆட்டோ கட்டணத்துக்குச் சரி. சீனாவிடம் ஆள் ஏற்கெனவே இருந்தார், பிரிட்டனின் ஒப்புதல்தான் இல்லை. ஆகவே ‘பேராளர் ஏற்பு’ என்று எழுதி வரைவை இன்று அனுப்புகிறேன்.